யானைகளின் அயலிலே

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருந்தெருவில், ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அக்குறணை. வணிகத்துக்குப் பேர்போன இவ்வூரை ஊடறுத்து ஓடும் பிங்கா ஓயாவை அறியாதார் அப்பகுதியில் இரார். அடைமழைக் காலத்தில் அது கரைகடந்து கடைகளுக்குட் புகுந்து பண்டங்களைப் பாழாக்கிய செய்திகளை நாம் பன்முறை படித்திருக்கிறோம். ஆயினும் அவ்வோடை அக்குறணையை விட்டகன்றபின் எங்கே போகின்றது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

பிங்கா ஓயா மகாவலி கங்கையிற் கலக்கின்றது. அந்நீர் அடுத்துப் பொல்கொல்லை அணைக்கட்டை அடைகின்றது. 1976ஆம் ஆண்டு முதல் அங்கே ஆற்று நீரின் ஒரு பகுதி, மலையைக் குடைந்து அமைத்த ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டு, சுது கங்கையூடாக அம்பன் கங்கையைச் சேர்கின்றது. எஞ்சிய நீர் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைத் தாண்டி, கிழக்கே வளைந்து வடக்கு நோக்கிச் செல்கின்றது. இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடையே, அம்பன் கங்கையை மேற்கிலும் மகாவலியைக் கிழக்கிலும் எல்லையாகக் கொண்டு கிடப்பதே வஸ்கமுவ தேசியப் பூங்கா. அக்குறணைப் பாலத்தின் கீழ் ஓடும் நீரே அங்கே யானையின் தாகத்தையும் தீர்க்கின்றது என்று கூறின் மிகையாகாது.

1938ஆம் ஆண்டிலேயே காவல் வனமாக ஒதுக்கப்பட்ட இக்காடு, 1984ஆம் ஆண்டு தேசியப் பூங்கா ஆயிற்று. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின்கீழ்ப் பெருங்காடுகள் வெட்டப்பட்டு நெற்காணிகளாகவும் குடியேற்றங்களாகவும் மாறியபோது, இருப்பிடம் இழந்த விலங்குகளுக்குப் புகலிடமாக அமைக்கப்பட்ட நான்கு பூங்காக்களுள் இதுவும் ஒன்று. கணக்கு நேர்மையானதுதான்: மனிதனுக்கு வயல், விலங்குக்குக் காடு. ஆனால் யானைக்கு அந்தக் கணக்கு தெரியாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிலோகிராம் பசுந்தீனி தேடும் அப்பேருயிர், தன் பாட்டனும் பாட்டியும் நடந்த வழியிலேயே தானும் நடக்கின்றது. அவ்வழியில் இப்போது ஊர்கள் இருக்கின்றன.

நெற்கதிர் முற்றும் மாதங்களில் அவ்வூர்க் கமக்காரன் இரவில் வீட்டில் உறங்குவதில்லை. மரத்தின்மீது பரண் அமைத்து, தீப்பந்தமும் யானை வெடியும் வைத்துக்கொண்டு விடியுமட்டும் விழித்திருப்பான். அறுத்த நெல்லை மூடைகட்டி வீட்டுக்குள் அடுக்கியபின்னும் துன்பம் தீர்வதில்லை. நெல்லின் மணத்தை மோப்பம் பிடித்து வரும் ஆண் யானை சுவரை முட்டித் தள்ளும். ஒரே இரவில் ஒரு போகத்து உழைப்பும், வீடும், சில வேளைகளில் வீட்டுத் தலைவனும் போய்விடுதல் உண்டு. அத்தகைய குடும்பத்தவரிடம் சென்று, யானை நாட்டின் செல்வம் என்று உபதேசிப்பது எளிது. உபதேசிப்பவரின் வீட்டுச் சுவர் இடிவதில்லையே!

யானையின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. காட்டுப் பன்றிக்கென உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வாய்வெடியைக் கடித்த யானைக் கன்று, தாடை சிதைந்து, தின்னவோ நீர் அருந்தவோ இயலாமற் பல நாள் வருந்தி மடிகின்றது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 150க்கு மேற்பட்ட மனிதரும் உயிரிழந்தனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் கண்ட யானைகள் 5,879 என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் தகும்.

யானைகளை எல்லாம் விரட்டிப் பூங்காவுக்குள் அடைத்து, எல்லையில் மின்வேலி இட்டுவிட்டால் தொல்லை தீராதோ என்று வாசகர்கள் வினவலாம். பல ஆண்டுகளாகச் செய்து பார்த்தது அதுவே. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுகின்றன. அப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட இடத்தில் மனிதரும் வாழ்கின்றனர். அடைக்கப்பட்ட தாய் யானைகளும் கன்றுகளும் தீனி போதாமல் மெலிகின்றன. முரட்டு ஆண் யானைகளோ திரும்பி வந்துவிடுகின்றன. அடர்ந்த காட்டின் நடுவே செல்லும் வேலியைப் பேணுவாரும் இலர். வேலிக்கு இப்புறமும் யானை, அப்புறமும் யானை! ஓடையின் வழியை அடைத்துக் கட்டடம் எழுப்பினால் வெள்ளம் கடைக்குள் வரும் என்பதை அக்குறணை வணிகருக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. யானையின் வழியும் அத்தகையதே.

1995ஆம் ஆண்டு ரவி கொரெயா நிறுவிய இலங்கை வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கம், வஸ்கமுவவின் அயலிலே இதைத் தலைகீழாக்கிப் பார்த்தது. யானையைச் சுற்றி வேலி இடுவதை விடுத்து, மனிதரின் குடியிருப்பையும் வயலையும் சுற்றி இடுவதே அதன் வழி. மனிதருக்கு உதவுவதால் யானையைக் காத்தல் என்பதே அத்திட்டத்தின் பெயரும் ஆயிற்று. புஸ்ஸெல்லயாய முதலிய சிற்றூர்களில், சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலிகள் ஊராரின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

இவ்வேலியின் மின்சாரம் யானையைக் கொல்வதில்லை. விட்டுவிட்டுப் பாயும் கணநேர அதிர்ச்சியால் அஞ்ச வைப்பதே அதன் வேலை. வீட்டு மின்சாரத்திலிருந்து களவாக இழுக்கும் கம்பியே கொல்வது. ஆனால் வேலி என்பது ஒரு நாளில் நட்டு மறந்துவிடும் பொருளன்று. கொடியோ புல்லோ வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் நிலத்தில் இறங்கிவிடும். மின்கலம் ஓய்ந்தால் வேலி வெறுங்கம்பி. யானையும் சும்மா இருப்பதில்லை. தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை எப்படியோ கற்றுக்கொண்டு, தந்தத்தால் கம்பியை நெம்பும். மரத்தை முறித்து வேலிமீது சாய்க்கும். ஆகவே நாள்தோறும் ஒருவர் வேலி நெடுக நடந்து பார்க்க வேண்டும். புல் வெட்ட முறை வகுக்க வேண்டும். பழுதுக்குப் பணம் சேர்க்க வேண்டும். அரசு இட்ட வேலி அறுந்தால் ஊரார் அதிகாரியை எதிர்பார்த்திருப்பர். தமது வேலி அறுந்தால் அன்று மாலைக்குள் கட்டியாக வேண்டும்; இரவு வருமன்றோ! வேலியின் வலிமை கம்பியில் இருப்பதிலும் ஊரின் ஒற்றுமையில் இருப்பதே அதிகம் என்பது எமது துணிபு. 2008ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் பூமத்தியரேகைப் பரிசு இச்சங்கத்துக்குக் கிடைத்தது. 2020ஆம் ஆண்டில் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு வகுத்த தேசியச் செயற்திட்டமும், ஊரையும் வயலையும் சூழ ஊராரே பேணும் வேலிகளை வற்புறுத்திற்று. நிறைவேற்றத்தில்தான் சுணக்கம்.

மற்றொரு முயற்சி சுவையானது. யானைக்குத் தோடை, எலுமிச்சை வகைகள் பிடிப்பதில்லை. வாழையும் கரும்பும் பலாவும் கண்டால் விடாத யானை, தோடம்பழத்தை ஒதுக்கிவிடுகின்றது. ஆகவே வீட்டுத் தோட்டத்தைச் சூழத் தோடங்கன்றுகள் நடுவதற்கு ஊர்க் குடும்பங்களுக்கு உதவினார்கள். யானை அழிக்காத பயிர் ஒன்று கமக்காரனுக்குக் கிடைத்தது. நெல் போனாலும் பழம் மிஞ்சும். இதனை மந்திரம் என்று எண்ணற்க. தோடை மரம் யானையைத் துரத்தாது. கன்று காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். வரட்சிக் காலத்தில் அதற்கு நீர் ஊற்றவும் வேண்டும்.

மாணவ நேயர்களுக்கு இன்னொன்று கூறுவோம். அப்பகுதியில் யானைகள் காட்டிலிருந்து குளத்துக்குச் செல்லும் வழியொன்று, பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கும் பாதையைக் குறுக்கிடுகின்றது. யானை நின்றால் பிள்ளை பள்ளிக்குப் போக முடியாது; போன பிள்ளை வீடு திரும்பும்வரை தாய்க்கு நெஞ்சு அடங்காது. வழியை வேலியிட்டு மறித்திருக்கலாம். அவ்வாறு செய்திருந்தால் யானைகள் வேறோர் ஊருக்குள் புகுந்திருக்கும். சங்கத்தார் வழியைத் திறந்தே விட்டு, ஒரு பஸ் வண்டியை ஓட விட்டார்கள். காலையிற் பிள்ளைகளோடு ஊரவரும் அதில் ஏறி அவ்வழியைக் கடந்தனர். மாலையில் அது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிற்று. யானைகள் குளத்துக்கு இறங்கும் நேரமும் அதுவே.