நிறத்தை நம்பிய காலம்

அரியலூரில் கடல் நத்தை என்றால் கல்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிரிட்டேசியஸ் காலத்துச் சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் அகப்படுகின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 1846-ல் எட்வர்டு ஃபோர்ப்ஸும், 1860-களில் ஸ்டோலிச்காவும் இந்தப் பக்கத்துப் புதைபடிவ நத்தைகளை ஓட்டின் சுருளையும் வரியையும் பார்த்தே இனம் பிரித்தார்கள்.

ஓட்டை உதறிவிட்ட நத்தைக்கு அந்த வசதி கிடையாது. வண்ணக் கடல் நத்தைகள் அந்த ரகம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குப் பொடிச் சுருள் ஓடு உண்டு. வளர்ந்து உருமாறும்போது கழற்றிப் போட்டுவிடும். மிஞ்சுவது மெத்தென்ற உடம்பு, தலையில் இரண்டு கொம்பு, முதுகில் பூப்போல விரியும் செவுள், கண்ணைப் பறிக்கும் நிறம்.

இலங்கையில் பிறந்த மருத்துவர் கெலார்ட், திருகோணமலையில் முத்துச்சிப்பி ஆராய்ந்த காலத்தில், 1858-லும் அடுத்த ஆண்டிலும் இவற்றில் பலவற்றுக்குப் பெயரிட்டார். ஃபிடெலிஸ் என்று அவர் அழைத்தது வெளிர் முதுகும், நெளிநெளியான செம்மஞ்சள் கரையும் கொண்டது. அவர் அதையும் அதைப் போன்றவற்றையும் டோரிஸ் என்ற பேரினத்தில் சேர்த்தார். ஆல்டரும் ஹான்காக்கும் 1855-ல் அமைத்த குரோமோடோரிஸுக்குள் பின்னால் வந்தவர்கள் அவற்றை நகர்த்தினார்கள். சாராயத்தில் போட்ட நத்தை வெளுத்துச் சுருங்கிவிடும். ஆகவே உயிரோடு பார்த்தவரின் குறிப்புக்கு அத்தனை மதிப்பு. நாக்கின் நுண்பற்களையும் சோதித்தார்கள். அப்படியும் குரோமோடோரிஸ் ஊதிக்கொண்டே போனது.

2012-ல் ரெபெக்கா ஜான்சனும் டெரன்ஸ் காஸ்லினரும் மரபணுக்களை ஒப்பிட்டதும் அது கலைந்தது. உள்ளே இருந்தவை ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல. பல இனங்கள் கோனியோபிராங்கஸுக்குப் போயின. அது பீஸ் என்பவர் 1866-ல் வைத்து, குரோமோடோரிஸுக்குள் கரைந்துபோயிருந்த பெயர்.

எஞ்சிய குரோமோடோரிஸும் லேசில் பிடிபடவில்லை. ஒரே இனம் ஊருக்கு ஊர் வேறு கோலம் போடுகிறது, வெவ்வேறு இனங்கள் ஒரே இடத்தில் ஒரே கோலத்தில் திரிகின்றன என்று 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் வயிற்றில் இருக்கிறது. கடற்பஞ்சைத் தின்று அதன் நச்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும் இவை, நிறத்தைக் காட்டி மீனை எச்சரிக்கின்றன. எச்சரிக்கை ஒன்றுபோல இருந்தால் மீன் ஒருமுறை பட்டே தெரிந்துகொள்ளும். மீனுக்குப் போட்ட வேஷத்தில் மனிதரும் ஏமாந்தது உப விளைவு!

கெலார்ட் 1860-லேயே இறந்துவிட்டார். பேரினம் மாறினால் முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள் எழுதவேண்டும் என்பது விலங்கியல் விதி. இன்றைய பட்டியலில் அந்த நத்தை இப்படி இருக்கிறது: கோனியோபிராங்கஸ் ஃபிடெலிஸ் (கெலார்ட், 1858).