கால் மரத்தால் சர்க்கரைதானா?

தேக்கா வட்டாரத்தில் கால் மரத்துப்போகிறது என்று யாரிடம் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "இனிப்பு நீர் ஏறியிருக்கும், பாருங்க." பொருத்தமான ஊகம்தான். சிங்கப்பூரில் சீனரைவிட இந்தியரிடையே நீரிழிவு அதிகம். 2016இல் அரசாங்கம் அதன்மீது போர் அறிவித்த பிறகு, அந்த நோயை அறியாத வீடில்லை. அந்த அறிவே சிஐடிபி என்ற நரம்பு நோய்க்குத் திரையாகிவிடுகிறது என்பதுதான் கவலை. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரிக்கும் அந்த நோயை மருந்தால் தடுத்து நிறுத்த முடியும். நீரிழிவால் கெட்ட நரம்பை மீட்டுத்தர மருந்தில்லை. மருந்துள்ள நோயை மருந்தில்லாத நோயின் கணக்கில் எழுதுவது சின்னப் பிழை அல்ல.

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்ற மூன்றில் ஒன்றாவது பெரும்பாலோருக்குப் பலன் தருகிறது. தோலுக்கடியில் வாரந்தோறும் போடும் எஃப்கார்டிகிமாட் ஊசியை 2024 ஜூனில் சிஐடிபிக்கு அமெரிக்கா அனுமதித்தது. ஸ்டீராய்டு மலிவு, ஆனால் சர்க்கரையை ஏற்றும். இரண்டு நோயும் உள்ளவருக்கு இருதலைக்கொள்ளி நிலைதான். இம்யூனோகுளோபுலின், ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது. முதல் சுற்றுக்குக் கிலோவுக்கு 2 கிராம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 140 கிராம். பிறகு பலருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர வேண்டியிருக்கும். விலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இவ்வளவு செலவழித்தாலும் எந்த மருந்தும் காலம் பார்த்தே வேலை செய்யும். அரிபட்ட உறை திரும்ப வளரும். உள்ளிழை அறுந்துவிட்டால் தளர்ச்சி தங்கிவிடும். சர்க்கரை மாத்திரையோடு கழியும் ஒவ்வொரு மாதமும் அந்த இழையிலிருந்து எடுத்த கடன்.

மரப்போடு வருவோரில் பெரும்பாலோருக்கு நீரிழிவே காரணம், எல்லாரையும் நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பினால் வரிசை தாங்காது என்பார்கள். நியாயம்தான், எல்லாரையும் அனுப்ப வேண்டியதில்லை. நீரிழிவு மரப்பு பாதத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறும். பெரும்பாலும் உணர்ச்சியைத்தான் கெடுக்கும். சிஐடிபியோ இரண்டு மாதத்துக்கு மேலாகக் கூடிக்கொண்டே போய், நாற்காலியை விட்டு எழவும் தலைவாரக் கை தூக்கவும் விடாமல் செய்யும். சிறு சுத்தியலால் முட்டியிலும் முழங்கையிலும் தட்டினால் வழக்கமான துள்ளல் குறைந்தோ, இல்லாமலோ இருக்கும். அந்தத் தட்டலைப் பலதுறை மருந்தகத்திலேயே ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். நீரிழிவு உள்ளவருக்கும் சிஐடிபி வரும் என்பதால், ரத்தப் பரிசோதனையோடு விசாரணையை மூடிவிட முடியாது. சர்க்கரை கூடியிருக்கிறது என்ற சீட்டு, நோயாளிக்கு நீரிழிவு உண்டு என்று மட்டும்தான் சொல்கிறது. காலைக் கெடுத்தது அதுதான் என்று சொல்வதில்லை.