நான்கு எண்களால் ஒரு முகவரி
பாகூர், வில்லியனூர் வட்டாரங்களிலிருந்து தமிழ்வழி பயின்று வரும் மாணவர் பலர், ஆர்பிட்டாலை எலக்ட்ரான் சுற்றும் 'பாதை' என்றே எழுதக் காண்கிறோம். பாதை என்னும் சொல்லே இங்கு இடர் செய்கிறது. எலக்ட்ரானைக் காணும் வாய்ப்பு மிக்க இடப்பரப்பே ஆர்பிட்டால்.

கொம்யூன், ஊர், தெரு, கதவு எண் போல எலக்ட்ரானுக்கும் நான்கு குவாண்டம் எண்கள் உள. முதன்மை எண் கூட்டையும், துணை எண் வடிவையும், காந்த எண் திசையமைவையும், தற்சுழற்சி எண் சுழற்சியையும் குறிக்கும். ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்களுக்கு இந்நான்கும் ஒத்திரா என்று 1925இல் பௌலி கண்டார்.

அவ்விதியால், நெருக்குண்ட எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் குவிய மறுத்து விண்மீனையே தாங்குகின்றன. அத்தாங்குதலுக்கும் எல்லையுண்டென, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர் 1930இல், தம் 19ஆம் வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே கணித்தார். சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே இன்று கொள்ளப்பெறும் அளவு. 1935இல் எடிங்டன் அதனை எள்ளினார். நோபல் பரிசு வந்ததோ 1983இல்.