ஊசி போய் மாத்திரை வந்தது

மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏறியிருந்தது. மருத்துவர் முதலில் விசாரித்தது, நான் காலைக் காபி அருந்தும் நேரத்தை! வாராந்திர செமாகுளூடைடு ஊசிக்கு அஞ்சி, அதே மருந்தின் மாத்திரையான ரைபெல்சஸுக்கு மாறியிருந்தேன். செமாகுளூடைடு ஒரு பெப்டைடு. இரைப்பை அதைப் புரத உணவைப்போலச் செரித்துவிடும். எனவே 'ஸ்நாக்' என்னும் துணைப்பொருளைச் சேர்க்கின்றனர். அது மாத்திரையைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்து, மருந்தை இரைப்பைச் சுவரின் வழியே உட்புகச் செய்கிறது. அப்படியும் இரத்தத்தை அடைவது ஏறத்தாழ 1 சதவீதமே. ஊசியில் வாரத்துக்கு 0.5 மில்லிகிராம் போதுமானவருக்கு, மாத்திரையில் நாளொன்றுக்கே 14 தேவைப்படலாம். வெறும் வயிறு, 120 மில்லிலிட்டருக்கு மிகாத தண்ணீர், அதன்பின் அரைமணி நேரக் காத்திருப்பு. காபி முந்திக்கொண்டால் அந்த 1 சதவீதமும் தேயும். பெப்டைடு அல்லாத ஆர்ஃபோர்கிளிப்ரான் மாத்திரைக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. நானோ இப்போதைக்குக் காபியைத்தான் தள்ளிவைத்திருக்கிறேன்.