தேய்ந்த டயரும் சிமெண்ட் சூளையும்

நுழையும்முன்

ஓடித் தேய்ந்த டயர் மண்ணில் மக்குவதில்லை. திறந்தவெளியில் எரித்தாலோ காற்றை நஞ்சாக்குகிறது. அதே டயர் சிமெண்ட் சூளையில் நிலக்கரிக்கு மாற்றாக எரிகிறது. ஒரு பொருள் ஓரிடத்தில் கேடாகவும் மற்றோரிடத்தில் பயனாகவும் அமைவது எவ்வாறு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊரும் டயரும்

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆர்.கே.பேட்டை. நெசவும் உழவும் இவ்வட்டாரத்தின் முதன்மைத் தொழில்கள். நெய்த துணியானாலும் விளைந்த கரும்பானாலும் ஊரைவிட்டுச் சந்தைக்குச் செல்வது டயர்களின் மேல்தான். அரக்கோணத்தை அடுத்த இச்சிப்புத்தூரிலும், திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளிலும் டயர் ஆலைகள் இயங்குகின்றன. புதிய டயர் எங்கிருந்து வருகிறது என்பது இவ்வட்டார மக்களுக்குத் தெரியும். தேய்ந்த டயர் எங்கே போகிறது என்பதே கேள்வி.

முற்காலத்தில் தேய்ந்த டயர் செருப்பாயிற்று. சிறுவர் கோலால் தட்டி ஓட்டும் விளையாட்டுப் பொருளாயிற்று. இன்று வாகனங்கள் பெருகிவிட்டன. அத்தகைய சிறு பயன்கள் போதவில்லை. பஞ்சர் கடை ஓரத்தில் கிடக்கும் டயருக்குள் மழைநீர் தேங்கினால், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடுகிறது. போகியன்று சிலர் அதைத் தெருவில் எரிக்கின்றனர். டயரை எரிக்க வேண்டாம் எனத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் போகிதோறும் வேண்டுகோள் விடுக்கிறது.

கரும்புகை ஏன்?

1839இல் சார்லஸ் குட்இயர், ரப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிபெறுவதைக் கண்டறிந்தார். இம்முறையே வல்கனைசேஷன் எனப்படுகிறது. இன்றைய டயரில் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், எஃகுக் கம்பி, கந்தகம், துத்தநாகம் ஆகியவை உள்ளன. தெருவில் எரியும் டயருக்குப் போதிய வெப்பமும் ஆக்சிஜனும் கிடைப்பதில்லை. எனவே, அது அரைகுறையாக எரிந்து கரும்புகை, கார்பன் மோனாக்சைடு, கந்தக டை ஆக்சைடு, புற்றுநோயை உண்டாக்கவல்ல கரிமச் சேர்மங்கள் ஆகியவற்றை வெளியிடுகிறது. கனடா நாட்டின் ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் 1990ஆம் ஆண்டு டயர்க் குவியலில் பற்றிய தீ 17 நாள்கள் எரிந்தது. மண்ணும் நீரும் மாசடைந்தன.

சூளையின் இயல்பு

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுழலும் நீண்ட சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் ‘கிளிங்கர்’ உருவாகிறது. அதனுடன் ஜிப்சம் சேர்த்து அரைப்பதே சிமெண்ட். சூளையின் தழல் 2,000 பாகையை நெருங்கும். இவ்வெப்பத்திற்காகவே பெருமளவு நிலக்கரி செலவாகிறது.

ஒரு கிலோ டயரை எரித்தால் ஏறத்தாழ 7,500 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கும். இந்திய நிலக்கரி பெரும்பாலும் இதனினும் குறைவாகவே தருகிறது. டயரைச் சிறு துண்டுகளாக்குவதால், எடையிட்டு ஒரே சீராகச் சூளைக்குள் செலுத்த முடிகிறது. அங்கு வெப்பமும் காற்றும் அளவோடு அமைவதால் ரப்பர் முற்றிலும் எரிகிறது. கந்தகம் சுண்ணாம்புடன் வினைபுரிந்து கிளிங்கரில் தங்குகிறது. எஃகுக் கம்பி இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. சிமெண்ட் உருவாக அதுவும் தேவையான கூறே. இவ்வாறு சாம்பலும் மூலப்பொருளாகிவிடுவதால், அதைக் கொட்டத் தனியிடம் தேட வேண்டியதில்லை.

தமிழகத்தில் ஒரு முயற்சி

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகளும் ஜப்பானும் இம்முறையில் நாட்டம் செலுத்தின. தமிழகத்திலும் சுண்ணாம்புக்கல் வளம் மிக்க அரியலூர் மாவட்டத்தில் இம்முயற்சி மேற்கொள்ளப்பட்டது. ரெட்டிப்பாளையத்தில் கிராசிம் நிறுவனம் நடத்திய சிமெண்ட் ஆலை, வேளாண் கழிவு, டயர், நகர்ப்புறத் திடக்கழிவு ஆகியவற்றை நிலக்கரிக்குப் பகுதி மாற்றாகப் பயன்படுத்தும் திட்டத்தை வகுத்தது. கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சிச் செயல்முறையின் கீழ் அத்திட்டம் அமைந்தது. வேளாண் கழிவு, டயர்த்துண்டு போன்ற எளிய பொருள்களுக்கு உலக உடன்படிக்கை ஒன்றில் இடம் கிடைத்தது எண்ணத்தக்கது.

வரம்பும் பொறுப்பும்

எனினும், சூளை எல்லாவற்றையும் தூய்மையாக்கும் மந்திரக்கோல் அன்று. டயர்த்துண்டுகள் அளவுமீறிச் செலுத்தப்பட்டால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு பெருகும். துத்தநாகம் மிகுந்தால் சிமெண்ட் இறுகக் காலம் நீளும். டயரை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடு வெளிவரவே செய்யும். அதிலுள்ள இயற்கை ரப்பரின் பங்கு மட்டுமே மரம் காற்றிலிருந்து முன்பு பெற்றதாகும். சுண்ணாம்புக்கல் சிதைவதால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடோ எரிபொருளை மாற்றுவதால் குறைவதில்லை. ஆகவே, புகைபோக்கியின் வெளியேற்றத்தை இடைவிடாது அளந்து கண்காணிப்பது கட்டாயமாகிறது. அக்கண்காணிப்புத் தளர்ந்தால் இழப்பு ஆலையைச் சுற்றி வாழும் மக்களுக்கே.

டயரை ஆக்கி விற்பவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என 2022இல் இந்திய அரசு விதி வகுத்தது. நல்ல நிலையிலுள்ள டயருக்கு மேற்பட்டை புதுப்பித்து மீண்டும் ஓட்டுவது முதல் வழி. ரப்பரைப் பிரித்தெடுத்துச் சாலை அமைக்கவும் புதுப்பொருள் செய்யவும் பயன்படுத்துவது அடுத்த வழி. இவ்விரண்டுக்கும் உதவாததைச் சூளைக்கு அனுப்பலாம்.

தெருவில் எரிவதும் சூளையில் எரிவதும் ஒரே டயர்தான். வெப்பம், காற்று, அளவு, கண்காணிப்பு என்னும் நான்கும் கூடிய இடத்தில் அது எரிபொருளாகிறது. அவை இல்லாத இடத்தில் நஞ்சாகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர், போகியன்று தம் வீட்டு வாசலில் பழைய டயருக்குத் தீ வைக்கமாட்டார்கள்.