கிளட்சை மிதித்துப் பாருங்கள்

பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையில் உருவானது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார். பிரிட்டனில் 1962-இல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதே எஞ்சின் குடும்பம்தான். இரண்டுக்கும் பொதுவான கோளாறு, கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷர் தேய்வது. சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே நிற்பவர்களுக்குச் சீக்கிரமே தேயும்.

எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லுங்கள். முன்பக்கப் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள்! வாஷர் கழன்று ஆயில் சம்ப்பில் விழுந்தால் கிராங்கும் பிளாக்கும் உரசிப் பாழாகும். அருமையான வண்டி, வீணாகக் கூடாது. எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. சம்ப்பைக் கழற்றினாலே வாஷரை மாற்றிவிடலாம். மாட்டும்போது வாஷரின் பள்ளம் வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.