மின்னேற்றிகளைப் பேணும் கணினிக் கணக்கேடு

மின்சாரத்தால் இயங்கும் கார்கள் நம் நாட்டுச் சாலைகளில் ஆண்டுதோறும் பெருகி வருவதை மாணவர் அறிவர். அவற்றின் மின்கலத்தை நிரப்புதற்கென நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் பேரங்காடிகளின் கார் நிறுத்துமிடங்களிலும் மின்னேற்றிகள் நிறுவப்பட்டுள்ளன. பேச்சு வழக்கில் இவற்றைச் ‘சார்ஜர்’ என்கிறோம். 2025ஆம் ஆண்டு முடிவிற்குள் 10,000 பொது மின்னேற்றிகள் என்பது மலேசிய அரசு வகுத்த இலக்கு. எத்தனை நிறுவினோம் என்னும் கணக்கைப் பலரும் கேட்கின்றனர். நிறுவியவற்றுள் இன்று வேலை செய்பவை எத்தனை என்று கேட்போர் சிலரே. இக்கட்டுரை அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியது.

சென்ற தீபாவளி விடுமுறையில் நம் மகன் ஓட்டிய மின்காரில் குடும்பத்துடன் வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். கைப்பேசிச் செயலி ஓர் ஓய்விடத்தைக் காட்டி, அங்குள்ள மின்னேற்றி தயாராய் உள்ளது எனப் பச்சை நிறத்தில் தெரிவித்தது. அதனை நம்பிச் சென்றோம். இணைப்பானைச் செருகியதும் மின்னேற்றம் தொடங்கியது. ஓரிரு நிமிடங்களில் நின்றுவிட்டது. மும்முறை முயன்றும் பயனில்லை. மின்கலத்தில் எஞ்சியிருந்ததோ 8 விழுக்காடு. அடுத்த மின்னேற்றி வரை அது தாங்குமா என்று மகனும் மருமகளும் கணக்கிட்டுக்கொண்டிருக்க, பின்னிருக்கையில் பேரக்குழந்தை வெப்பம் தாளாது அழுதது. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு கலனில் வாங்கி வந்து ஊற்றலாம். மின்சாரத்தை எக்கலனில் வாங்குவது?

பண்டிகைக் காலப் பணியிலிருந்த தொழில்நுட்பர் ஒருவர் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தார், இளைஞர். கைவிளக்கால் இணைப்பானின் உட்புறத்தைப் பார்த்தார்.

“ஐயா, உள்ளே முனை கருகியிருக்கிறது. இம்மாதத்தில் இது மூன்றாவது அழைப்பு. முன்பு வந்தவர்கள் பொறியை அணைத்து, மீண்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.”

“அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா, தம்பி?” என்றோம்.

“ஆறியபின் வேலை செய்யும், ஐயா. சூடேறியதும் மறுபடி நின்றுவிடும்.”

அப்பொறியை அவர் பூட்டிவிட்டார். அருகிலிருந்த, மெதுவாக ஏற்றும் மின்னேற்றியில் வேறொரு கார் நின்றது. அது புறப்பட்ட பின் அங்கு 3 மணி நேரம் காத்திருந்தோம். அப்பொழுது அவ்விளைஞரிடம் கேட்டறிந்தவற்றையும் பின்னர்ப் படித்தறிந்தவற்றையுமே ஈண்டு எழுதுகிறோம்.

மின்னேற்றிகள் இருவகைப்படும். மெதுவாக ஏற்றுவது, மாறுதிசை மின்சாரத்தை அவ்வண்ணமே காருக்குள் அனுப்பும். அதனை நேர்த்திசை மின்சாரமாக மாற்றும் வேலையைக் காரே செய்துகொள்ளும். விரைவாக ஏற்றுவது அம்மாற்றத்தைத் தன் வயிற்றுக்குள்ளேயே செய்து முடித்து, 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆற்றலை நேரே மின்கலத்திற்குச் செலுத்தும். இவ்வளவு ஆற்றல் பாயுமிடத்தில் வெப்பம் மிகும். வெப்பத்தைத் தணிக்க விசிறிகள் சுழல வேண்டும். விசிறிகள் இழுக்கும் காற்றை வடிகட்டும் சல்லடையில் தூசு படியும். சல்லடை அடைத்தால் பொறி தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொள்ளும். இணைப்பானைத் தரையில் போட்டுவிட்டுச் செல்வோரால் அதன் முனைகள் நெளியும். நம் நாட்டில் இடிமின்னலும் மிகுதி. அதனின்று காக்கும் உறுப்புகள் பழுதுபட்டால் மாற்றப்படுதல் வேண்டும். எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடிபுகுவது தனிக்கதை.

இவற்றுள் பெரும்பாலானவை ஒரே நாளில் வரும் பழுதுகள் அல்ல. மெல்ல மெல்ல முதிர்பவை. ஆதலின் முன்னரே கண்டுகொள்ள இயலும். நம் சிறு வயதில் தோட்டத்து லயங்களுக்கு மாலை விளக்குத் தந்தது ஆலையின் டீசல் எந்திரம். அதனைக் கவனித்தவர் அதிகம் படித்தவரல்லர். ஆயினும் கறுப்பு அட்டைப் புத்தகம் ஒன்றில் எண்ணெய் மாற்றிய நாள், வார் மாற்றிய நாள், கேட்ட புதிய ஓசை ஆகியவற்றைக் கோணல் எழுத்தில் குறித்து வைப்பார். அவர் விடுப்பில் சென்றால் மாற்றாள் அப்புத்தகத்தைப் படித்தே எந்திரத்தைத் தொடுவார்.

பராமரிப்பு மேலாண்மை மென்பொருள் என்பது அக்கறுப்புப் புத்தகத்தின் வளர்ந்த வடிவமே. நூற்றுக்கணக்கான மின்னேற்றிகள் பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கும்போது ஒரு புத்தகம் போதாது. ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணின்கீழ் நிறுவிய நாள், மாற்றிய உறுப்புகள், வந்த பழுதுகள் யாவும் சேரும். சல்லடை துடைக்கும் நாள் வந்ததும் கணினியே பணியாணை ஒன்றை எழுதி, அண்மையிலுள்ள தொழில்நுட்பரின் கைப்பேசிக்கு அனுப்பும். வேண்டிய உறுப்பு கிடங்கில் உள்ளதா என்பதையும் காட்டும். 50 கிலோமீட்டர் ஓட்டிச் சென்று, உறுப்பு இல்லையெனத் திரும்பும் வீண் அலைச்சல் இதனால் குறையும்.

மின்னேற்றியும் வாய் மூடி இருப்பதில்லை. ஓசிபிபி எனப்படும் பொது மொழியில் அது தன் நிலையை மையக் கணினிக்கு அறிவித்துக்கொண்டே இருக்கும். ‘உயிரோடிருக்கிறேன்’ என்று குறித்த இடைவெளியில் அது அனுப்பும் செய்திக்கு ‘இதயத்துடிப்பு’ என்றே பெயர். இதயம் துடிப்பவர் அனைவரும் நலமாயிருக்கிறார் என்று மருத்துவர் சொல்வாரா? நாம் கண்ட பொறியின் இதயமும் துடித்துக்கொண்டுதான் இருந்தது; அதனாலேயே செயலி பச்சை காட்டியது.

2022இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஆய்வாளர் சிலர் 181 நிலையங்களுக்கு நேரில் சென்று, 657 விரைவு மின்னேற்றிகளில் காரைப் பொருத்திப் பார்த்தனர். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 விழுக்காடே. நிறுவனங்கள் கூறி வந்த கணக்கோ 95 முதல் 98 விழுக்காடு வரை. ஏறத்தாழ 8 நாள் கழித்து அவற்றுள் பத்தில் ஒரு பங்கை மீண்டும் சோதித்தபோது, மொத்தத்தில் நிலைமை மாறவில்லை. பழுதைக் காட்டிலும் நம்மை வருத்துவது அந்த 8 நாள்தான்.

விழுக்காடு என்பது ஏமாற்றும் எண். உயர்வகுப்பு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓராண்டிற்கு 8,760 மணி நேரம். அமெரிக்க அரசு தன் நிதியுதவி பெறும் மின்னேற்றிகளுக்கென 2023இல் வகுத்த அளவு 97 விழுக்காடு. எஞ்சிய 3 விழுக்காடு ஏறக்குறைய 263 மணி, அதாவது 11 நாள். பிரிட்டன் அதே ஆண்டில் இயற்றிய விதிகள், ஒரு நிறுவனத்தின் விரைவு மின்னேற்றிகள் சராசரியாக 99 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்கின்றன. அதன்படி ஒரு பொறிக்கு மூன்றரை நாளுக்குச் சற்று மேல். அந்நாள்கள் பண்டிகை நாள்களாய் அமைந்தால் பயணி என் செய்வார்?

மென்பொருள் எல்லாம் செய்யும் என்று விற்போர் கூறுவதை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. அவ்விளைஞர் தம் கைப்பேசியில் முந்தைய இரு பணியாணைகளையும் காட்டினார். இரண்டும் ‘மறுதொடக்கம் செய்யப்பட்டது’ என்ற ஒரே தொடருடன் முடிக்கப்பட்டிருந்தன. கணினியின் பார்வையில் இருமுறையும் பழுது தீர்ந்தது. விரைவில் முடித்தார் என்ற நற்பெயரும் சென்றவருக்குக் கிடைத்திருக்கும். உண்மைக் காரணத்தை முதல் முறையே பதிந்திருந்தால், ஒரே இணைப்பானில் வெப்பம் திரும்பத் திரும்ப மிகுவதை மென்பொருள் எடுத்துக் காட்டியிருக்கும். கம்பிவடம் தீபாவளிக்கு முன்பே மாறியிருக்கும்.

அவர் கருகிய முனையைப் படமெடுத்து, காரணத்தை எழுதி, புதிய கம்பிவடத்திற்கு விண்ணப்பித்த பின்னரே பணியாணையை அனுப்பினார். நின்றபடியே எழுத அவருக்குப் பத்து நிமிடமாயிற்று. பொங்கலையொட்டி அவ்வழியே மீண்டும் சென்றோம். கம்பிவடம் மாற்றப்பட்டிருந்தது. 35 நிமிடத்தில் மின்கலம் போதிய அளவு நிரம்பிவிட, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.